மூளையைச் சுறுசுறுப்பாக்கும் காப்ஸ்யூல்: தேர்வு வரைக்குமாவது சாப்பிடலாமா?

கேள்வி:

எனக்கு வயது 38. அலுவலகத்தில் கணக்கு வேலை. இன்னும் நான்கு மாதத்தில் பதவி உயர்வுக்கான தேர்வு இருக்கிறது. வீடு அடங்கிய பிறகு இரவு பத்து மணிக்குப் புத்தகத்தைத் திறந்தால் ஒரு மணி வரை படிப்பேன். ஐந்தரைக்கு எழுந்தாக வேண்டும். ஒரே பக்கத்தை மூன்று முறை படித்தாலும் மண்டையில் ஏறவில்லை. உடன் வேலை செய்யும் தோழி 'நூட்ரோபிக்' என்று ஒரு காப்ஸ்யூல் வாங்கித் தந்தாள். மூன்று வாரமாகக் காலையில் இரண்டு, மாலை ஐந்து மணிக்கு இரண்டு சாப்பிடுகிறேன். முதல் வாரம் அற்புதமாக இருந்தது. இப்போது நெஞ்சு படபடக்கிறது, படுத்தாலும் தூக்கம் வருவதில்லை, பகலில் முன்பைவிடக் களைப்பு. தைராய்டு குறைவுக்கு நான்கு வருடமாகத் தினமும் மாத்திரை எடுக்கிறேன். மாதவிடாயில் போக்கு அதிகம். காபி ஒரு நாளைக்கு மூன்று கப். 'இது போதவில்லை என்றால் மோடாஃபினில் போடு' என்கிறாள் தோழி. லேபிளின் படத்தை இணைத்திருக்கிறேன். தேர்வு வரைக்குமாவது இதைத் தொடரலாமா, டாக்டர்?

பதில்:

அன்புச் சகோதரி,

தொடர வேண்டாம். ஆனால் நாளைக் காலையிலேயே மொத்தமாக நிறுத்திவிடவும் வேண்டாம். எப்படி நிறுத்துவது என்பதைப் பிறகு சொல்கிறேன். முதலில் நீங்கள் அனுப்பிய லேபிளைப் பார்த்துவிடுவோம். என்னிடம் வருபவர்களிடம் நான் எப்போதும் கேட்பது இதுதான்: "என்ன சாப்பிடுகிறீர்கள் என்று வாயால் சொல்ல வேண்டாம், டப்பாவையே எடுத்து வாருங்கள்." டப்பாவின் முன்பக்கத்தில் மூளைப் படம் இருக்கும். விஷயம் இருப்பது பின்பக்கத்தில், பொடி எழுத்தில்.

உங்கள் லேபிளின் முதல் வரியே காஃபின். இரண்டு காப்ஸ்யூலுக்கு 200 மில்லிகிராம். நீங்கள் நாளைக்கு நான்கு காப்ஸ்யூல் சாப்பிடுவதால் 400. அதற்கு மேல் மூன்று கப் காபி. ஒரு கப்புக்கு 80 முதல் 100 மில்லிகிராம் என்று வைத்துக்கொண்டாலும், நாளைக்குக் கிட்டத்தட்ட 700 மில்லிகிராம் காஃபின் உங்கள் உடம்பில் இறங்குகிறது. ஆரோக்கியமான பெரியவர் ஒருவர் ஒரு நாளில் 400 வரையிலும், ஒரே வேளையில் 200 வரையிலும் எடுத்துக்கொண்டால் பாதுகாப்புக் குறித்துக் கவலையில்லை என்பது ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2015-இல் சொன்ன கணக்கு. நீங்கள் அதையும் தாண்டி வெகுதூரம் போயிருக்கிறீர்கள். படபடப்புக்கு வேறு காரணம் தேடுவதற்கு முன்னால் இதைத்தான் பார்க்க வேண்டும்.

முதல் வாரம் அற்புதமாக இருந்தது என்று எழுதியிருக்கிறீர்கள். அது உண்மைதான், உங்கள் கற்பனை இல்லை. நாம் விழித்திருக்கும் நேரமெல்லாம் மூளையில் அடினோசின் என்ற பொருள் சேர்ந்துகொண்டே போகும். அது தன் ஏற்பியில் போய் உட்காரும்போதுதான் 'போதும், படு' என்ற உணர்வு வருகிறது. காஃபின் அந்த இடத்தில் முந்திக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறது. களைப்பு தீரவில்லை, களைப்பின் குரல் மட்டும் உங்களுக்குக் கேட்கவில்லை. அப்புறம் மூளையும் பழகிக்கொள்கிறது, அதே அளவு முன்போல வேலை செய்வதில்லை.

மாலை ஐந்து மணி வேளையைக் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பாருங்கள். உடம்பில் காஃபின் பாதியாகக் குறைய சராசரியாக ஐந்து மணி நேரம் ஆகும். ஐந்துக்குப் போட்ட 200 மில்லிகிராமில் இரவு பத்து மணிக்கு 100 மிச்சமிருக்கும், அதாவது ஒரு முழுக் கப் காபி. அதிகாலை மூன்று மணிக்கும் 50 இருக்கும். நீங்கள் படுப்பது ஒரு மணிக்கு. அந்தத் தூக்கம் எப்படி ஆழமாக இருக்கும்? காலையில் எழும்போதே சோர்வு, அதற்கு மறுபடி இரண்டு காப்ஸ்யூல். இந்தச் சுழலில்தான் மூன்று வாரமாக இருக்கிறீர்கள்.

அடுத்த வரி எல்-தியானைன், 100 மில்லிகிராம். இது தேயிலையில் இயற்கையாகவே இருக்கும் அமினோ அமிலம். இதைக் காஃபினோடு சேர்த்துக் கொடுத்த சிறிய ஆய்வுகளில் கவனம் கொஞ்சம் கூடுவதாகத் தெரிகிறது. அவற்றில் பலவற்றில் காஃபினின் அளவு 40, 50 மில்லிகிராம்தான் என்பதைக் கவனியுங்கள். உங்கள் டப்பாவில் இதன்மேல் எனக்குப் பெரிய ஆட்சேபம் இல்லை.

நீர்ப்பிரமியைப் பற்றியும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். இந்தப் பட்டியலில் மனிதர்களிடம் ஓரளவு ஒழுங்காகச் சோதித்துப் பார்க்கப்பட்ட மூலிகை இது. படித்ததைச் சற்று நேரம் கழித்து நினைவுகூர்வதில் சிறு முன்னேற்றம் தெரிந்திருக்கிறது. ஆனால் அந்த ஆய்வுகள் பெரும்பாலும் 12 வாரம் நடந்தவை, தினமும் 300 மில்லிகிராம் சாறு கொடுத்தவை. சாப்பிட்ட அரை மணியில் மூளை தெளிந்தது என்று யாராவது சொன்னால் அது நீர்ப்பிரமியின் வேலையாக இருக்காது, கூட இருக்கும் காஃபினின் வேலையாகத்தான் இருக்கும். குமட்டல், வயிற்றுப் பிடிப்பு, இளகிப் போவது ஆகியவை இதன் வழக்கமான தொல்லைகள்.

உங்கள் விஷயத்தில் என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது அஸ்வகந்தா, அதாவது அமுக்கரா. மன அழுத்தத்துக்கும் தூக்கத்துக்கும் ஓரளவு உதவுவதாகச் சில ஆய்வுகள் சொல்கின்றன, மறுக்கவில்லை. ஆனால் அது தைராய்டு ஹார்மோன் அளவைக் கூட்டக்கூடியது. நீங்களோ ஏற்கெனவே அளந்து கொடுக்கப்பட்ட தைராய்டு மாத்திரை எடுப்பவர். நான்கு வருடமாகச் சரியாகப் பொருந்தியிருந்த அளவு இதனால் அதிகமாகிவிடலாம். ஹார்மோன் மிகுந்தாலும் படபடப்பு, தூக்கமின்மை, கை நடுக்கம்தான் வரும். ஆக உங்கள் படபடப்புக்கு இப்போது இரண்டு சந்தேகங்கள். இன்னொன்று: அஸ்வகந்தாவால் சிலருக்குக் கல்லீரல் பாதிப்பு ஏற்பட்டது மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கிறது. அரிதுதான். ஆனாலும் டென்மார்க் 2023-இல் அதைத் தடையே செய்துவிட்டது. கண் மஞ்சளாவது, சிறுநீர் கறுத்துப் போவது, உடம்பெல்லாம் அரிப்பு, இவற்றில் எது தெரிந்தாலும் அன்றே மருத்துவரைப் பாருங்கள்.

ஜின்கோ, வேளைக்கு 120 மில்லிகிராம். உலகம் முழுக்க 'ஞாபக சக்தி மூலிகை' என்று பெயர் வாங்கியது இது. அமெரிக்காவில் 75 வயதும் அதற்கு மேலும் ஆன 3,069 பேருக்கு, நீங்கள் சாப்பிடும் இதே அளவை, தினம் இரண்டு வேளை, பல வருடம் கொடுத்துப் பார்த்தார்கள். 2008-இல் முடிவு வந்தது: மறதி நோய் வருவதை அது குறைக்கவில்லை. ரத்தம் உறையாமல் இருக்க மருந்து எடுப்பவர்கள் இதைத் தொடக் கூடாது என்று எச்சரிக்கிறோம். உங்களுக்கு மாதாமாதம் போக்கு அதிகம் என்கிறீர்கள். அந்த நிலையில் இது உங்கள் டப்பாவில் இருப்பதை நான் விரும்பவில்லை.

ஹியூபர்சைன்-ஏ என்ற வரியைப் பெரும்பாலோர் 'ஏதோ மூலிகைச் சத்து' என்று கடந்துபோய்விடுகிறார்கள். ஒரு செடியிலிருந்து எடுப்பதுதான். ஆனால் மறதி நோய்க்கு நாங்கள் எழுதித்தரும் டோனெபெசில் மாத்திரை எந்த நொதியைத் தடுக்கிறதோ, அதே நொதியைத்தான் இதுவும் தடுக்கிறது. குமட்டல் வரலாம், இதயத் துடிப்பு மெதுவாகலாம். செடியிலிருந்து வந்தாலும் மருந்து மருந்துதான். அதை எப்போது, யாருக்கு, எவ்வளவு என்று முடிவு செய்ய ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும்.

கடைசியில் வைட்டமின்கள். 'வைட்டமின்தானே' என்று யாரும் பயப்படுவதில்லை, அதனாலேயே இதைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன். பி6 வேளைக்கு 25, நாளைக்கு 50 மில்லிகிராம். உங்கள் வயதில் தேவை இரண்டு மில்லிகிராமுக்கும் குறைவு. முன்னே சொன்ன ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2023-இல் நாளொன்றுக்கான மேல்வரம்பை 12 என்று குறைத்துவிட்டது. அளவு மிஞ்சிய பி6 மாதக்கணக்கில் உள்ளே போனால் நரம்பு கெடும். சுறுசுறுப்புக்காக மூன்று விதமான டப்பாக்களை ஒன்றாகச் சாப்பிட்டு வந்த ஒருவர் என்னிடம் வந்தார். மூன்றிலும் பி6. என் எதிரே உட்கார்ந்து சட்டைப் பொத்தானைப் போட முயன்றார். விரல் பொத்தானைத் தொட்டுக்கொண்டிருந்தது, ஆனால் தொடுவது அவருக்குத் தெரியவில்லை, குனிந்து பார்த்துத்தான் போட முடிந்தது. நிறுத்திய பிறகும் அந்த மரத்துப்போன உணர்வு போகப் பல மாதம் ஆனது.

பயோட்டின் 5 மில்லிகிராம். தேவையோ 30 மைக்ரோகிராம்தான், அதாவது உங்கள் ஒரு வேளையே நாள் தேவையைப் போல 160 மடங்குக்கு மேல். இது உடம்புக்குப் பெரிய கெடுதல் செய்வதில்லை. ரத்தப் பரிசோதனையைத்தான் கெடுக்கும். பல ஆய்வகங்களில் தைராய்டு பரிசோதனையில் பயோட்டினையே ஒரு கருவியாகப் பயன்படுத்துகிறார்கள். ரத்தத்தில் அது நிரம்பியிருந்தால் டி.எஸ்.எச். (தைராய்டைத் தூண்டும் ஹார்மோன்) பொய்யாகக் குறைந்தும், டி4 (தைராய்டு ஹார்மோன்) பொய்யாகக் கூடியும் காட்டும், அதாவது மாத்திரையின் அளவு அதிகம் என்பதுபோலத் தோன்றும். இப்படி வந்த ஒரு முடிவைப் பார்த்து, ஒரு அம்மாவின் தைராய்டு மாத்திரையைக் குறைக்கப் பேனாவை எடுத்துவிட்டேன். அவரோ சோர்வாக இருக்கிறது, உடம்பு கனக்கிறது என்கிறார். காகிதம் ஒன்று சொல்கிறது, ஆள் வேறு சொல்கிறார். பையில் என்ன இருக்கிறது என்று கேட்டபோது பயோட்டின் கலந்த, முடி உதிர்வுக்கான மாத்திரை வெளியே வந்தது. அதை நிறுத்திவிட்டு மறுபடி எடுத்தோம், அவருக்கு மாத்திரையைக் கூட்ட வேண்டியிருந்தது. அன்றிலிருந்துதான் 'டப்பாவை எடுத்து வாருங்கள்' என்று கேட்கத் தொடங்கினேன்.

இவ்வளவும் லேபிளில் எழுதியிருப்பது. எழுதாமல் இருப்பது வேறு. 2020-இல் அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள், மூளைத்திறனுக்கு என்று விற்கும் 10 பொருட்களைச் சோதித்தார்கள். அந்த நாட்டில் அனுமதியே பெறாத ஐந்து மருந்துகள் அவற்றில் இருந்தன. எழுதியிருந்த அளவும் உள்ளே இருந்த அளவும் பெரும்பாலும் ஒத்துப்போகவில்லை. அந்த ஐந்தில் ஒன்று ஃபெனிபட், பழகிவிட்டால் விடுவதற்குள் ஆளைப் பாடாய்ப் படுத்தும். அங்கே 1994-ஆம் வருடச் சட்டப்படி, துணை உணவு விற்பவர் தன் சரக்கு பலன் தரும் என்று விற்பனைக்கு முன்பே அரசிடம் நிரூபிக்க வேண்டியதில்லை. 'நூட்ரோபிக்' என்ற சொல்லை 1972-இல் உருவாக்கியவர் கார்னெலியு ஜியுர்ஜியா என்ற ருமேனிய விஞ்ஞானி. பிராசெட்டம் என்ற மருந்தை வைத்து உருவாக்கினார். பக்கவிளைவு ஏறக்குறைய இல்லாமல் இருந்தால்தான் ஒரு மருந்துக்கு அந்தப் பெயர் பொருந்தும் என்பது அவர் வைத்த நிபந்தனைகளில் ஒன்று. பெயர் மட்டும் டப்பாக்களுக்கு வந்து சேர்ந்திருக்கிறது.

சரி, மோடாஃபினில். அது சத்து மாத்திரையே இல்லை. பகலில் அடக்க முடியாமல் தூங்கிவிழும் நார்கோலெப்சி போன்ற நோய்களுக்கு மருத்துவர் சீட்டோடு தரும் மருந்து. அரிதாக உயிருக்கே ஆபத்தான தோல் ஒவ்வாமை வரும். கருத்தடை மாத்திரையின் பலனைக் குறைத்துவிடும், கருவுற்றிருந்தால் குழந்தைக்குக் குறை ஏற்படலாம் என்ற எச்சரிக்கையும் உண்டு. இத்தனையையும் தாண்டிச் சாப்பிட்டால் மூளை கூர்மையாகுமா? மெல்பர்ன் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் 2023-இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், நோய் எதுவும் இல்லாத 40 பேருக்கு மோடாஃபினில் உட்பட மூன்று மருந்துகளை வெவ்வேறு முறை கொடுத்து, பைக்குள் எந்தெந்தப் பொருளை வைத்தால் மதிப்பு அதிகம் என்ற மாதிரியான சிக்கலான கணக்குகளைப் போடச் சொன்னார்கள். மருந்து சாப்பிட்டவர்கள் அதிகம் முயன்றார்கள். ஆனால் அந்த முயற்சியின் தரம் குறைந்திருந்தது, பொருட்களை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டிருந்தார்கள். தேர்வுக் கூடத்தில் நிறைய எழுதித் தள்ளிவிட்டோம் என்று தோன்றும், மதிப்பெண் வேறு கதை சொல்லும். தோழி உங்கள் மேல் அக்கறையில்தான் சொல்கிறார். ஆனாலும் இதில் அவர் பேச்சைக் கேட்காதீர்கள்.

இப்போது, உங்கள் கடிதத்தில் நீங்கள் போகிற போக்கில் எழுதிய மூன்று விஷயங்களுக்கு வருகிறேன். எனக்கு அவைதான் முக்கியமாகப் பட்டன.

ஒன்று, மாதவிடாயில் போக்கு அதிகம் என்பது. மாதம் தவறாமல் ரத்தம் அதிகம் போகும் பெண்ணுக்கு இரும்புச் சத்து கரைந்துகொண்டே வரும். ஹீமோகுளோபின் 12-க்கு மேல் இருந்தால் 'ரத்தம் நன்றாக இருக்கிறது' என்று அனுப்பிவிடுவார்கள். ஆனால் சேமிப்பு காலியாகி வெகுகாலம் கழித்துத்தான் ஹீமோகுளோபின் இறங்கும். சேமிப்பைக் காட்டும் எண் ஃபெரிட்டின். பிரான்சில் நடந்து 2012-இல் வெளியான ஓர் ஆய்வில், ரத்தசோகை இல்லாமல் ஃபெரிட்டின் மட்டும் 50-க்குக் கீழே இருந்த, காரணம் தெரியாத களைப்போடு வந்த 198 பெண்களைச் சேர்த்தார்கள். பாதிப் பேருக்கு இரும்பு, மீதிப் பேருக்கு மருந்தில்லாத வெறும் மாத்திரை. 12 வாரத்தில் இரும்பு சாப்பிட்டவர்களின் களைப்பு தெளிவாக அதிகம் குறைந்திருந்தது. நூட்ரோபிக் டப்பாக்களில் நான் பார்த்த எந்தப் பொருளையும்விட, உங்களுக்கு உதவும் வாய்ப்பு இதற்குத்தான் அதிகம் என்று நினைக்கிறேன். ஆனால் பரிசோதிக்காமல் இரும்பை நீங்களாகவே வாங்கிச் சாப்பிடாதீர்கள். மருத்துவர் எழுதித் தந்தால், தைராய்டு மாத்திரைக்கும் இரும்புக்கும் நடுவே நான்கு மணி நேரமாவது இடைவெளி இருக்கட்டும், இல்லாவிட்டால் தைராய்டு மாத்திரை உடம்பில் சரியாகச் சேராது. போக்கு ஏன் அதிகம் என்று மகப்பேறு மருத்துவரிடம் காட்டுவதும் தள்ளிப்போடக் கூடியது அல்ல.

இரண்டு, தைராய்டு. கடைசியாக எப்போது பரிசோதித்தீர்கள் என்று எழுதவில்லை. தைராய்டு குறைந்தாலும் கவனம் மங்கும், மாதவிடாய்ப் போக்கும் கூடும். காலை மாத்திரையை வெறும் தண்ணீரில் போடுகிறீர்களா, உடனே காபி குடிக்கிறீர்களா? காபி அதைச் சரியாக உறிஞ்ச விடாது. குறைந்தது அரை மணி, முடிந்தால் ஒரு மணி நேரம் பொறுங்கள்.

மூன்று, இரவு ஒன்று முதல் ஐந்தரை வரை, நாலரை மணி நேரத் தூக்கம். பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் நடந்து 2003-இல் வெளிவந்த ஆய்வு ஒன்று உண்டு. 14 நாள் தொடர்ந்து ஆறு மணி நேரமோ நான்கு மணி நேரமோ மட்டும் தூங்கியவர்களின் கவனமும் நினைவும், ஒன்றிரண்டு இரவு கண்ணே மூடாதவர்கள் அளவுக்கு இறங்கிப்போயிருந்தன. 'கொஞ்சம் தூக்கக் கலக்கம், அவ்வளவுதான்' என்றுதான் அவர்களே நினைத்தார்கள். ஒரே பக்கத்தை மூன்று முறை படித்தும் ஏறவில்லை என்று உங்கள் மூளையின் மேல் வருத்தப்படுகிறீர்கள். நள்ளிரவு பன்னிரண்டரைக்கு, நாலரை மணி நேரத் தூக்கத்தோடு படிக்கும் எவருக்கும் அது ஏறாது. படித்தது நிலைப்பதே தூக்கத்தில்தான். மூன்று மணி நேரப் படிப்பை ஒன்றரை மணியாகக் குறைத்து, பதினொன்றரைக்குப் படுத்துவிடுங்கள். தேர்வை வைத்துக்கொண்டு இதைச் செய்யப் பயமாக இருக்கும், எனக்குப் புரிகிறது. இரண்டு வாரம் மட்டும் செய்து பாருங்கள். குறட்டை உண்டா, தூக்கத்தில் மூச்சு நின்று திணறுகிறீர்களா என்று வீட்டில் கேளுங்கள். உண்டு என்றால் அதற்குத் தனியாகப் பரிசோதனை தேவை. எதிலும் ஆர்வமில்லாமல் மனம் வாடிப்போயிருந்தால் அதையும் மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள், மனச்சோர்வும் சிலருக்கு முதலில் கவனச் சிதறலாகத்தான் வெளியே தெரியும்.

நிறுத்தும் முறைக்கு வருகிறேன். இவ்வளவு காஃபினை ஒரே நாளில் விட்டால் மறுநாளே மண்டையைப் பிளக்கும் தலைவலி வரும், ஒரு வாரம் வரை எரிச்சலும் மந்தமும் இருக்கும். 'காப்ஸ்யூல் இல்லாமல் முடியவில்லையே' என்று அதை நினைத்துக்கொண்டு மறுபடி டப்பாவைத் திறப்பீர்கள். அதனால் இன்றே மாலை வேளையை மட்டும் விடுங்கள். நான்கு நாள் கழித்துக் காலையில் ஒரு காப்ஸ்யூல், அடுத்த நான்கு நாள் கழித்து அதுவும் வேண்டாம். காபி அப்படியே மூன்று கப் இருக்கட்டும், ஆனால் கடைசிக் கப் மதியத்துக்கு முன். இதற்கு நடுவில் படபடப்பு கூடினாலோ, மயக்கம், நெஞ்சு வலி, துடிப்பு தாறுமாறாவது என்று ஏதாவது தெரிந்தாலோ, படிப்படியாக நிறுத்துவதெல்லாம் வேண்டாம், அன்றே மொத்தமாக விட்டுவிட்டு மருத்துவமனைக்குப் போய் ஈ.சி.ஜி. எடுங்கள். கர்ப்பமாக இருக்கலாம் என்று சிறு சந்தேகம் இருந்தாலும் அன்றே நிறுத்தவேண்டியதுதான்.

தேர்வு வரை ஏதாவது ஒரு துணை வேண்டும் என்று மனம் கேட்டால், காலையில் எழுந்து படிக்கும்போது ஒரு கப் தேநீர் போதும். காஃபினும் தியானைனும் சேர்ந்தே அதில் இருக்கின்றன. தைராய்டு மாத்திரைக்கு ஒரு மணி நேரம் கழித்துக் குடியுங்கள், அன்றைக்கு ஒரு காபியைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

காப்ஸ்யூலை முழுக்க நிறுத்தி இரண்டு நாளாவது ஆன பிறகு ரத்தம் கொடுங்கள், அப்போதுதான் பயோட்டின் தொல்லை இருக்காது. ஹீமோகுளோபின், ஃபெரிட்டின், டி.எஸ்.எச்., டி4, பி12, சர்க்கரை, அஸ்வகந்தா சாப்பிட்டதால் கல்லீரல் பரிசோதனை. பட்டியலை அப்படியே உங்கள் மருத்துவரிடம் காட்டுங்கள், டப்பாவையும் கையோடு எடுத்துப் போங்கள். முடிவு வந்ததும் எனக்கும் எழுதுங்கள். 'நார்மல்' என்று எழுத வேண்டாம், எண்களை எழுதுங்கள், முக்கியமாக ஃபெரிட்டின்.